வாடகை அறையும் முதுமைக் காலமும்

பிழைப்பை நாடிப் பிற மாநிலம் சென்ற தமிழர் ஒவ்வொருவர் உள்ளத்திலும் ஒரு கேள்வி உண்டு. உழைக்கும் கை ஓய்ந்தபின் எங்கே தங்குவது? இந்நகரிலா, சொந்த ஊரிலா? இக்கேள்விக்கு நம் நாட்டுப் பெருநகரங்கள் அளித்துவந்த விடையைப் பம்பாய் நகரின் வரலாற்றைக் கொண்டு சிறிது ஆராய்வோம். 1995இல் மும்பை எனப் பெயர் மாறிய அந்நகரைப் பழங்கதை பேசுமிடத்துப் பழைய பெயராலேயே வழங்குவோம்.

1896இல் பம்பாயில் பிளேக் நோய் பரவியது. நெருக்கடியான குடியிருப்புகளே நோய் பெருகக் காரணம் என்று கருதிய அரசாங்கம், 1898இல் நகர அபிவிருத்தி டிரஸ்டை நிறுவியது. பின்னாளில் தென்னிந்தியர் பலர் குடியேறிய மாதுங்காவும் அதனை அடுத்த தாதரும் அந்த டிரஸ்ட் வகுத்த மனைகளில் எழுந்தவையே. பஞ்சாலைத் தொழிலாளிக்குக் கிடைத்ததோ 'சால்' என்னும் வரிசை வீட்டில் ஓர் அறை. 1920களில் அரசாங்கமே ஒர்லி, நாய்காம், சிவ்ரி, டிலைல் ரோடு ஆகிய இடங்களில் 207 சால்களைக் கட்டிற்று. ஒவ்வொன்றிலும் 80 அறைகள். ஓர் அறையின் பரப்பு 160 சதுர அடி. சமையல், படுக்கை, பிள்ளைப்பேறு யாவும் அதற்குள்ளேதான்.

அக்காலத் தொழிலாளிக்கு ஓய்வூதியம் ஏது? உடல் தளர்ந்ததும் அவன் ரத்னகிரிப் பக்கத்துத் தன் கிராமத்துக்குத் திரும்பினான். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்குத் தோல் பதனிடும் தொழிலுக்குச் சென்ற நம்மவர்க்கும் ஊரே புகலிடமாக இருந்தது. நகரம் உழைப்பைப் பெற்றுக்கொண்டது. முதுமையின் செலவைக் கிராமத்தின் வயலும் உறவும் ஏற்றன. வயலும் உறவும் இல்லாதவன் கதி என்ன என்பதைக் கேட்பார் இல்லை.

இந்நிலையை மாற்றியது, முதியோரை எண்ணியே பாராத ஒரு சட்டம் என்பது வியப்புக்குரியது. முதல் உலகப் போர்க்காலத்தில், 1918இல், வாடகைக் கட்டுப்பாடு முதன்முதலாக வந்தது. இரண்டாம் போரும், நாட்டுப் பிரிவினையால் வந்த அகதிகளின் பெருக்கமும் மீண்டும் நெருக்கடியை உண்டாக்கவே, 1947இல் பம்பாய் வாடகைச் சட்டம் நிறைவேறியது. 1940 செப்டம்பர் 1ஆம் நாள் இருந்த வாடகையே நியாய வாடகை என்று அது வகுத்தது. வாடகையை ஒழுங்காகச் செலுத்துபவரை வீட்டுக்காரர் தம் விருப்பம்போல் வெளியேற்ற இயலாது. அவர் மறைந்தால் உடன் வாழ்ந்த குடும்பத்தாருக்கு அவ்வுரிமை சேரும். தற்காலிகமாக இயற்றப்பட்ட இச்சட்டம், கால நீட்டிப்புப் பெற்றுப் பெற்று ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தது.

இதன் பயனை நினைத்துப் பாருங்கள். 1952இல் வந்த பிராவிடெண்டு நிதிச் சட்டம், ஓய்வுபெறும் நாளில் ஒரு தொகையைக் கையில் கொடுத்தது; மாதந்தோறும் ஊதியம் தரவில்லை. தொழிலாளருக்கு அத்தகைய ஓய்வூதியத் திட்டம் 1995இல்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் ஓய்வுபெற்ற குமாஸ்தாவும் ஆலைத் தொழிலாளியும் நகரிலேயே காலந்தள்ள முடிந்ததற்கு, சில ரூபாய் வாடகையில் நிலைத்த அந்த அறை ஒரு பெருங்காரணம். அறைதான் அவர்களுடைய ஓய்வூதியம் எனலாம்.

எனினும் அதில் ஒரு குறை ஒளிந்திருந்தது. விலைவாசி ஏற ஏற, 1940ஆம் ஆண்டு வாடகை மட்டும் அசையாது நின்றது. அவ்வருவாயில் பழுதுபார்க்க வீட்டுக்காரர் முன்வரவில்லை. மழைக்காலந்தோறும் பழைய கட்டிடங்கள் இடிந்தன. 1969இல் ஒரு வாரியம் அமைத்து, வரி வசூலித்து, ஏறத்தாழ 19,600 கட்டிடங்களைப் பழுதுபார்க்கும் பொறுப்பை அரசாங்கம் மேற்கொண்டது. வாடகையை இவ்வாறு உறையவைப்பது காலப்போக்கில் நியாயமற்றதாகிவிட்டது என 1997இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 1999இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் ஆண்டுக்கு 4 சதவீத உயர்வை அனுமதித்தது. ஆனால் முன்பே குடியிருந்தவர்க்கே பழைய பாதுகாப்பு. பின்னர் வந்தவர்களிற் பலர் பதினோரு மாத ஒப்பந்தத்தில் வீடு மாறிக்கொண்டே முதுமையை எய்தினர்.

அறை இருந்தால் மட்டும் போதுமா? 1982 ஜனவரி 18ஆம் நாள் ஏறத்தாழ இரண்டரை லட்சம் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். அதன்பின் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. பலருக்குச் சாலில் இடம் எஞ்சியது. அடுப்பெரிக்கக் கூலி எஞ்சவில்லை.

பணவுதவியின் வரலாறும் இத்தகையதே. 1995 ஆகஸ்டு 15 முதல், 65 வயது கடந்த ஆதரவற்றோர்க்கு மத்திய அரசு மாதம் 75 ரூபாய் வழங்கத் தொடங்கியது. 2007இல் அத்திட்டம் விரிவடைந்தபோது மத்திய அரசின் பங்கு 200 ரூபாய். 2011இல் தகுதி வயது 60 ஆயிற்று. 80 வயதானோர்க்குத் தொகை 500 ரூபாய் ஆயிற்று. பிராவிடெண்டு நிதி ஓய்வூதியத்தில் 2014இல் குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என வகுக்கப்பட்டது. இத்தொகைகள் எவையும் விலைவாசியோடு தாமே உயரும்படி அமைக்கப்படவில்லை. அன்று உறைந்த வாடகை கட்டிடத்தை அரித்தது. உறைந்த ஓய்வூதியமோ முதியவரின் உணவை அரிக்கிறது. இரண்டிலும் பிழை ஒன்றே.

நம்மிற் பலர் டில்லியின் அரசாங்கக் குடியிருப்பிலோ, ரயில்வே குவார்ட்டர்ஸிலோ, பிலாய், ஜாம்ஷெட்பூர் போன்ற எஃகு நகரங்களிலோ ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவர்கள். உத்தியோகத்தோடு வந்த வீடு உத்தியோகத்தோடு போய்விடும். இதனை முன்கூட்டி உணர்ந்தவர் கூட்டுறவு வழியை நாடினர். பம்பாயில் சாரஸ்வத சமூகத்தார் 1915இலேயே காம்தேவியில் வீட்டுக் கூட்டுறவுச் சங்கம் கண்டனர். வேலையில் இருக்கும்போதே சிறுகச் சிறுகச் சேர்த்துக் கூடி வீடு கட்டியோர்க்கு, ஓய்வுபெறும் நாள் வீட்டைக் காலி செய்யும் நாளாக இருக்கவில்லை.

ஆனால் சேமிக்க வழியுள்ளவர்க்கே அவ்வழி. அன்றாடக் கூலிக்கு உழைத்தவர்க்குப் பொதுச் சட்டமே துணை. முதியவர்க்குத் தலைக்குமேல் கூரையும் வேண்டும். விலையோடு உயரும் சிறு வருவாயும் வேண்டும். ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை மறந்தால் என்ன நேரும் என்பதைப் பம்பாயின் பழைய சால்கள் நமக்கு எடுத்துரைக்கின்றன. ஊரில் வயலும் உறவும் குறைந்துவரும் இந்நாளில், அக்கதை நம் கதையும் அன்றோ?