வெக்கை நோய் போன கதையும் வெள்ளிக்கிழமைச் சந்தையும்

(வானொலி வேளாண் ஒலிபரப்பில் நிகழ்த்திய உரை)

செஞ்சிக் கோட்டையை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ராஜகிரி மலை மேல் ஏறிப் போனால் வாசலுக்கு மேல் வாசல், மதிலுக்குள் மதில். கீழே நெல் சேர்க்கும் களஞ்சியம், குதிரை லாயம், யானை குளிக்கும் குளம். மொகலாயப் படை 1690 முதல் 1698 வரை எட்டு வருஷம் சுற்றி வளைத்துக் கிடந்த கோட்டை இது. எதிரி எந்த வழியாக வருவான், எவனை உள்ளே விடலாம், எவனை விடக் கூடாது என்று நம் முன்னோர் அவ்வளவு கணக்குப் பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் ஒரு எதிரிக்கு வாசலும் கிடையாது, மதிலும் கிடையாது. கயிறு பிடித்து நாமேதான் அவனை வீட்டுக்குக் கூட்டி வருகிறோம். அவன்தான் கால்நடைத் தொற்றுநோய். அந்த எதிரியை அடக்க அரசாங்கங்கள் சட்டம் போட்ட வரலாற்றைத்தான் இன்று சொல்லப் போகிறேன். "சட்டமெல்லாம் வக்கீலுக்கு, நமக்கு எதுக்குங்க?" என்று ரேடியோவை மூடி விடாதீர்கள். கேட்டு முடித்தால், இது உங்கள் பட்டி ஆட்டைப் பற்றிய பேச்சு என்று உங்களுக்கே தெரியும்.

வயதான பெரியவர்களைக் கேளுங்கள், வெக்கை நோய் என்றால் என்ன என்று சொல்வார்கள். மாட்டுக்குக் கடும் காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் ஒழுகல், வாயெல்லாம் புண், அப்புறம் நிற்காத கழிச்சல். ஒரு வாரம் பத்து நாளில் மாடு சாய்ந்து விடும். எதிர்ப்புச் சக்தி இல்லாத மந்தையில் புகுந்தால் பத்துக்கு எட்டு ஒன்பது கூடப் போகும். மனுஷனுக்கு இது ஒட்டாது. ஆனால் உழவு மாடு போனால் ஏர் நின்றது, கவலை நின்றது, வண்டி நின்றது. மனுஷன் வயிறு காய்ந்தது.

உலக வரலாற்றில் இந்த நோய் பெரும்பாலும் படைகள் போன வழியிலும் வியாபார மாடுகள் போன வழியிலும்தான் போயிருக்கிறது. படை என்றால் ஆள் மட்டுமா? தானியம் சுமக்கும் பொதிமாடு, பீரங்கி இழுக்கும் எருது எல்லாம் சேர்ந்ததுதான் படை. நோய் தானாக நடக்காது. மாடு நடந்தால் அதுவும் நடக்கும். இந்த ஒரு உண்மையை மனதில் வைத்துக் கொள்ளுங்கள். சட்டங்கள் எல்லாம் இதிலிருந்துதான் பிறந்தன.

நம் தேசிங்கு ராஜன் போரில் விழுந்த 1714-ஆம் வருஷம், சீமையில் லண்டன் பக்கத்து மாடுகளுக்கு இந்த நோய் கண்டது. ராஜாவின் வைத்தியர் தாமஸ் பேட்ஸ் என்பவர் யோசனை சொன்னார். நோய் கண்ட மாட்டைக் கொன்று அழித்து விடு, மற்றதைப் பிரித்து வை, மாட்டுக்காரனுக்கு நஷ்ட ஈடு கொடு என்றார். நஷ்ட ஈடு என்ற மூன்றாவது யோசனையில்தான் சூட்சுமம் இருக்கிறது. காசு கிடைக்கும் என்றால்தான் ஏழை தன் மாட்டுக்கு நோய் என்று வாய் திறப்பான். சில மாதங்களில் அங்கே நோய் அடங்கிற்று.

செஞ்சிக் கோட்டை பிரெஞ்சுக்காரரிடமிருந்து இங்கிலீஷ்காரர் கைக்குப் போன 1761-ஆம் வருஷம், பிரான்ஸ் தேசத்து லியோன் நகரில் உலகத்தின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி ஏற்பட்டது. அதற்கும் பெரிய காரணம் இந்த மாட்டுக் கொள்ளை நோய்தான்.

பிறகு 1865-இல் இங்கிலாந்தில் மறுபடியும் நோய். கப்பலில் வந்த மாடுகளோடு இறங்கி, லட்சக்கணக்கில் மாடுகளை வாரிக் கொண்டு போயிற்று. 1866-இல் பார்லிமெண்டில் அவசரமாகச் சட்டம் போட்டு, சந்தைகளை மூடி, மாடு ஓட்டிப் போவதைத் தடுத்து, நோய் மாட்டைக் கொன்று, ஒரு வழியாக அடக்கினார்கள். அதே 1866-இல் நம் சென்னை மாகாணத்திலும் ஒரு சட்டம் வந்தது. சென்னைக் கால்நடை நோய்ச் சட்டம், அந்த வருஷத்து இரண்டாம் சட்டம். நம் தென்னாற்காடு ஜில்லாவும் அப்போது அந்த மாகாணத்தில்தான் இருந்தது.

"அப்படியானால் நோய் அப்போதே ஒழிந்திருக்க வேண்டுமே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஒழியவில்லை. இன்னும் நூற்றிருபது வருஷத்துக்கு மேல் இந்த மண்ணில் அது இருந்தது. ஏன்?

சட்டம் 1866-இல் வந்தது. சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி ஏற்பட்டது 1903-இல். நடுவில் 37 வருஷம். மாட்டைப் பார்த்து "இது வெக்கை, இது கோமாரி, இது அடைப்பான்" என்று பிரித்துச் சொல்லப் படித்தவர் கிராமத்தில் கிடையாது. ஊர் மணியக்காரரும் தலையாரியும் என்ன செய்ய முடியும்? போட்டுத் தடுக்க ஊசியும் கிடையாது. நோய் என்று சொன்னால் மாடு அடைபடும், சந்தை மூடும், தண்டம் விழும். சொல்லாமல் இருந்தால் அடுத்த சந்தையில் விற்று விடலாம். இந்த நிலையில் ஒரு ஏழைக் குடியானவனுக்கு எது தோன்றும்? மறைக்கத்தான் தோன்றும். வெறும் மிரட்டலாக இருக்கிற சட்டம் நோயை வெளியே கொண்டு வராது, கொல்லைப்புறத்துக்குத்தான் துரத்தும்.

பிறகு ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. 1871-இல் மாட்டு நோய்களை விசாரித்த கமிஷனின் அறிக்கை வந்தது. 1889-இல் புனாவில் ஒரு ஆராய்ச்சிக் கூடம் ஏற்பட்டு, 1893-இல் இமயமலை முக்தேஸ்வருக்கு மாறிற்று. அங்கே எட்வர்ட்ஸ் என்ற விஞ்ஞானி 1927-இல், நோய்க் கிருமியை வெள்ளாட்டின் உடம்பில் வளர்த்து வீரியம் குறைத்து, மாட்டுக்குப் போடத் தடுப்பு மருந்து கண்டுபிடித்தார்.

நம் பக்கத்தில் 1932-இல் இராணிப்பேட்டையில் வெக்கை நோய்க்கு மருந்து தயாரிக்கும் நிலையம் ஏற்பட்டது. இராணிப்பேட்டை எந்த ராணியின் பெயரால் ஏற்பட்டது தெரியுமா? தேசிங்கு ராஜனோடு தீக்குளித்த அவர் மனைவியின் நினைவாக ஆற்காட்டு நவாப் ஏற்படுத்திய ஊர் என்று சொல்கிறார்கள். செஞ்சி ராணி பெயர் கொண்ட ஊரிலிருந்துதான் நம் மாடுகளுக்கு மருந்து வந்தது. அந்த நிலையம் இன்றும் கால்நடைத் தடுப்பு மருந்து செய்கிறது.

1940-இல் வெக்கை நோய்க்கென்றே சென்னை மாகாணத்தில் தனிச் சட்டம் வந்தது. இப்போது கையில் ஊசியும் இருந்தது, போட ஆளும் இருந்தது. 1954-இல் தேசம் முழுவதும் ஒழிப்புத் திட்டம். 1992-இல் கடைசிக் கட்டத் திட்டம். இந்தியாவில் கடைசியாக வெக்கை நோய் கண்டது எங்கே தெரியுமா? 1995-இல், நம் தமிழ்நாட்டில், வட ஆற்காட்டுப் பகுதியில்!

அதன் பிறகு தடுப்பூசியை நிறுத்தி விட்டு ஊர் ஊராகத் தேடினார்கள். ஊசி போட்டுக் கொண்டே இருந்தால், நோய் போய் விட்டதா, ஊசிக்கு அடங்கிக் கிடக்கிறதா என்று தெரியாதல்லவா? 2006-இல் இந்தியா முழுச் சுத்தம் என்று உலக அமைப்பு ஒப்புக் கொண்டது. 2011-இல் உலகத்திலேயே இந்த நோய் இல்லை என்று அறிவித்தார்கள். மனுஷனுக்கு வரும் பெரியம்மைக்கு அடுத்து, உலகை விட்டே துரத்தப்பட்ட இரண்டாவது நோய் இது.

அந்த உலக அமைப்பு பிறந்த கதையிலும் நம் நாட்டு மாடு இருக்கிறது. 1920-இல் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குக் கப்பலில் போன மாடுகள், வழியில் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் தங்கின. அங்கே வெக்கை நோய் பரவி விட்டது. தனித்தனியாகச் சட்டம் போட்டுப் பயனில்லை, ஒரு நாட்டில் நோய் என்றால் மற்ற நாட்டுக்குச் சொல்ல வேண்டும் என்று 28 நாடுகள் கூடி 1924-இல் பாரிஸில் அந்த அமைப்பை ஏற்படுத்தின. ராஜாங்கங்களே "மறைக்க மாட்டேன்" என்று கையெழுத்துப் போட வேண்டியதாயிற்று.

சரி, வெக்கை போய் விட்டது, நிம்மதியாக இருக்கலாமா? இருக்க முடியாது. அதற்கு ஒரு தம்பி இருக்கிறான். ஆட்டுக்கொல்லி நோய். இந்தியாவில் இந்த நோய் முதன் முதலாகக் கண்டறியப்பட்டது 1987-இல். ஊர் எது? நம் விழுப்புரம் பக்கத்து அரசூர்! செம்மறி ஆடுகளுக்கு வந்தது. அங்கே பிரித்தெடுத்த கிருமியை வைத்தே பிறகு தமிழ்நாட்டில் தடுப்பு மருந்தும் செய்தார்கள். அதற்கு அரசூர் என்றே பெயர். நோய்க்குச் சிகிச்சை கிடையாது; தடுப்பூசி ஒன்றுதான் வழி. காய்ச்சல், மூக்கொழுகல், வாய்ப்புண், நாற்றம், கழிச்சல், இளைப்பு என்று அண்ணன் செய்ததையெல்லாம் தம்பி ஆட்டுக்குச் செய்வான்.

இங்கேதான் நம் வெள்ளிக்கிழமைச் சந்தை வருகிறது. செஞ்சி ஆட்டுச் சந்தைக்குத் தீபாவளி, பொங்கல், பக்ரீத் சமயத்தில் எவ்வளவு ஆடு வருகிறது, எத்தனை ஊர் வியாபாரிகள் வருகிறார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கிருமி உடம்பில் புகுந்து நோய் வெளியே தெரிய நாலைந்து நாளாவது ஆகும். வெள்ளிக்கிழமை துள்ளிக் குதித்த ஆடு புதன்கிழமை மூக்கொழுகி நிற்கும். அதற்குள் அது நாலு ஊர் தாண்டியிருக்கும்; அது நின்ற பட்டியில் மற்ற ஆடும் நின்றிருக்கும்.

இதற்காகத்தான் 2009-இல் இந்தியா முழுவதுக்கும் ஒரே சட்டம் வந்தது. கால்நடைத் தொற்று நோய்கள் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் என்று பெயர். மாட்டு நோய்த் தடுப்பு மாநிலத்தின் பொறுப்புத்தான். ஆனால் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்கு நோய் பரவாமல் தடுக்க மத்திய அரசும் சட்டம் செய்ய அரசியல் சாசனம் இடம் கொடுக்கிறது. வெள்ளைக்காரன் காலத்துக் குதிரை நோய்ச் சட்டங்களை நீக்கி விட்டு இது வந்தது. இதில் உங்களுக்கு வேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, கோமாரி, அடைப்பான், தொண்டை அடைப்பான், ஆட்டுக்கொல்லி, ஆட்டம்மை, வெறிநோய் போன்ற நோய் என்று சந்தேகம் வந்தாலே, கிராம நிர்வாக அலுவலரிடமோ பஞ்சாயத்துப் பொறுப்பில் உள்ளவரிடமோ சொல்ல வேண்டும். அவர் கால்நடை மருத்துவருக்குத் தெரிவிப்பார். நேராக மருத்துவரிடம் போனாலும் நல்லதே.

இரண்டாவது, நோய் கண்டதைப் பிரித்துக் கட்ட வேண்டும். பொது மேய்ச்சலுக்கு விடக் கூடாது. ஊர்ப் பொதுத் தொட்டியிலோ ஏரி குளத்திலோ தண்ணீர் காட்டக் கூடாது.

மூன்றாவது, நோய் என்று தெரிந்த ஆடு மாட்டைச் சந்தைக்குக் கொண்டு வரக் கூடாது. கட்டுப்பாட்டுப் பகுதி என்று அரசு அறிவித்தால் ஆடு மாடு நடமாட்டமும் சந்தையும் நிறுத்தப்படும், தடுப்பூசி கட்டாயமாகும்.

நான்காவது, செத்ததை ஆற்றிலோ ஏரியிலோ போடுவது குற்றம். சங்கராபரணியில் நாம் போட்டது கீழே உள்ள ஊருக்கெல்லாம் போகும். ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். அடைப்பான் என்று சந்தேகம் இருந்தால் வயிற்றைக் கிழிக்கவே கூடாது.

"நீங்க சுலபமா சொல்லிடுறீங்க. ஆட்டை வித்தாத்தான் புள்ளைக்குப் பீஸ் கட்டணும். சந்தைய மூடினா நான் எங்கே போறது?" என்று ஒருவர் கேட்கலாம். அவர் கேள்வியில் உண்மை இருக்கிறது. நோயைச் சொல்கிறவனுக்கு முதலில் நஷ்டம்தான். 1714-லும் அப்படித்தான், 1866-லும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான். ஆனால் கணக்கை இன்னொரு பக்கமும் போட்டுப் பாருங்கள். ஒருவர் மறைத்தால் சந்தை முழுக்க நோய். அப்போது ஒரு வாரம் மூட வேண்டிய சந்தை மாதக் கணக்கில் மூடும். அதில் முதலில் அடிபடுகிறவர் பத்து ஆடு வைத்திருக்கிறவர்தான். பெரிய வியாபாரி வேறு சந்தைக்கு லாரியைத் திருப்பி விடுவார்.

அந்த நிலைமையே வராமல் செய்வதுதான் புத்திசாலித்தனம். வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும். நாலு மாதம் கடந்த ஆட்டுக்கு ஆட்டுக்கொல்லித் தடுப்பூசி போட்டால் மூன்று வருஷத்துக்கு எதிர்ப்பு இருக்கும். மாட்டுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை கோமாரித் தடுப்பூசி அரசுத் திட்டத்தில் போடுகிறார்கள். காதில் பன்னிரண்டு இலக்கத் தோடு மாட்டுவதும் அதற்காகத்தான்; அறுத்து எறியாதீர்கள். சந்தையில் வாங்கிய ஆட்டை நேராகப் பட்டிக்குள் விடாமல் மூன்று வாரம் தள்ளிக் கட்டுங்கள். அவசரம் என்றால் 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி வரும்.

சட்டம், மருத்துவர், ஊசி மூன்றும் இருந்தும், "என் மாட்டுக்கு உடம்பு சரியில்லை" என்று வாய் திறந்து சொன்ன குடியானவர்கள் இல்லாவிட்டால் வெக்கை நோய் ஒழிந்திருக்காது. ஆட்டுக்கொல்லியையும் 2030-க்குள் உலகத்தை விட்டு ஒழிக்க நாடுகள் கூடித் தீர்மானம் செய்திருக்கின்றன. இந்தியாவில் அது முதலில் கண்ட மாவட்டம் நம்முடையது. அதை முதலில் விரட்டிய மாவட்டமும் நம்முடையதாக இருக்கட்டுமே! வருகிற வெள்ளிக்கிழமை சந்தைக்குக் கயிறு பிடிக்கும் முன்னால், ஆட்டின் மூக்கையும் வாயையும் ஒரு தரம் பார்த்து விட்டுப் புறப்படுங்கள்.