வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயம்

செங்கல்பட்டு மாவட்டம் மதுராந்தகம் வட்டத்தில், சென்னைக்குத் தென்மேற்கே சுமார் 80 கி.மீ. தொலைவில் உள்ள ஏரியும் அதைச் சூழ்ந்த பகுதியும் வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயம் எனப்படுகின்றன. ஏரியின் பரப்பு ஏறத்தாழ 30 ஹெக்டேர்தான். தமிழ்நாட்டில் இதைவிடப் பெரிய ஏரிகள் ஏராளம். இவ்வூரின் சிறப்பு, பறவைகளைக் காக்கும் வழக்கத்தை அரசுக்கு முன்பே உழவர்கள் கைக்கொண்டிருந்தார்கள் என்பதே.

அதற்குக் காரணம் வயல். வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பும்போது நீர்க்கடம்பு, கருவேல மரங்கள் பாதி மூழ்கி நிற்கும். சுற்றிலும் நீர் இருப்பதால் தரைவழி வரும் விலங்குகள் கூட்டை எளிதில் அண்டா. நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், பாம்புத்தாரா, வக்கா, நீர்க்காகங்கள் எனப் பல இனங்கள் அம்மரங்களில் நெருக்கியடித்துக் கூடு கட்டும். இரை தேடச் சுற்றுவட்டார ஏரிகளுக்கும் வயல்களுக்கும் போய்வரும். அவற்றின் எச்சம் ஏரி நீரில் கலந்து, தழைச்சத்தும் மணிச்சத்துமாக மதகு வழியே பாசனத்துக்குப் பாயும். உரக்கடை இல்லாத காலத்தில் அது எவ்வளவு பெரிய வரும்படி என்பது நஞ்சை வைத்திருந்தவர்களுக்குத் தெரியும். பறவைகளின் மீது ஊராருக்குப் பாசம் இல்லாமல் இல்லை. ஆனால் கணக்கும் சேர்ந்திருந்ததால்தான் அந்தப் பாசம் நீடித்தது என்று கருத இடமுண்டு.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கும்பினிச் சிப்பாய்கள் இங்கே பறவைகளைச் சுட்டதை எதிர்த்து ஊரார் முறையிட்டனர். செங்கல்பட்டு ஜாகீரின் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், ஏரியில் பறவைகளைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று 1798-இல் கவுல் (எழுத்துமூல உறுதிமொழி) வழங்கினார். மதுராந்தகம் ஏரிக்கரையை ராம லட்சுமணர் காத்து நிற்கக் கண்டதாகச் சொல்லப்படும் ‘ஏரி காத்த ராமர்’ கோயில் கதையில் வரும் துரையும் இவரே. கோயில் கதை ஊருக்கு ஊர் பரவியது. கவுலை அறிந்தவர்கள் குறைவு. பறவைகளைக் காக்கும் ஊராரின் உரிமை 1858-இல் மீண்டும் உறுதி செய்யப்பட்டது.

1936-இல் மாவட்ட ஆட்சியர் ஏரியைச் சரணாலயமாக அங்கீகரித்தார். வனச்சட்டப் பாதுகாப்பு 1962-இல் வந்தது. வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், ஏரியைச் சுற்றி 5 கி.மீ. வரையுள்ள நிலப்பகுதியும் 1998-இல் சரணாலயமானது. பறவை கூடு கட்டுவது ஏரியில் என்றாலும் பிழைப்பது வெளியே என்பதால், இவ்வறிவிப்புகளில் முக்கியமானது இந்தக் கடைசி அறிவிப்பே. எல்லையை 3 கி.மீ. ஆகச் சுருக்கும் யோசனை 2020-இல் எழுந்தபோது, வெளிவளையத்தில் தொழிற்சாலைகளுக்கு வழிவிடவே இது என்று சூழலியலாளர்கள் கடுமையாக எதிர்த்தனர். ஏரி தப்பினாலும் இரைநிலம் போய்விடும் என்பது அவர்கள் வாதம். 2022-இல் வேடந்தாங்கலும் அருகிலுள்ள கரிக்கிலியும் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலங்களாயின.

நவம்பர் முதல் மார்ச் வரை பார்வையாளர் வருகை மிகுதி. கரையில் நடந்தபடியும் காட்சிக் கோபுரத்தில் ஏறியும் பார்க்கலாம். காலையில் பறவைகள் இரைக்குக் கிளம்பும் வேளையும், மாலையில் திரும்பும் வேளையும் நல்லவை. நடுப்பகலில் வருவோர் பெரும்பாலும் தூங்கும் வக்காக்களைத்தான் பார்க்கிறார்கள். டிசம்பர், ஜனவரியில் ஊசிவால் வாத்து போன்ற வடநாட்டு வலசைப் பறவைகளும் சேரும். தொலைநோக்கியை இறக்கிவைத்துவிட்டுக் கரையோரச் செடிகளையும் பார்ப்பது நல்லது. மழைக்குப் பிந்திய வாரங்களில் சமவெளிகளில் வண்ணத்துப்பூச்சிகள் பெருகும். அவற்றில் ஒன்றான வெந்தய வரியன் எருக்கஞ்செடியைத் தேடி வந்து முட்டையிடும். மழை பொய்த்த ஆண்டுகளில் ஏரி வறண்டு, பறவைகள் வேறு நீர்நிலைகளுக்குப் போய்விடுவதால், ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்த பிறகே வெளியூர்க்காரர்கள் கிளம்புவது வழக்கம்.