இன்னும் ரெண்டே அவுன்ஸ்! - விருந்தில் வாயைக் கட்டிய வெனிஸ்காரரின் கதை

விருந்துச் சாப்பாட்டைச் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்த முடியுமா?

முடியும் என்று நம்பிய ஊர் ஒன்று உண்டு. இத்தாலியின் வெனிஸ். ஆடம்பரச் செலவைக் கண்காணிப்பதற்கென்றே 1514ல் அங்கே தனி அதிகாரிகளை நியமித்தார்கள். 1562ல் வந்த சட்டம் ஒன்று விருந்தாளியின் தட்டு வரைக்கும் போய்விட்டது. கறி விருந்து என்றால் சுட்ட இறைச்சி ஒரு முறை, வேகவைத்த இறைச்சி ஒரு முறை, அதற்கு மேல் கூடாது. இருபது பேருக்குள் சாப்பிடும் வீட்டு விருந்தில்தான் சிப்பி வைக்கலாம். சோதனைக்கு வரும் அலுவலர்கள் மீது யாராவது ரொட்டியையோ ஆரஞ்சுப் பழத்தையோ எறிந்தால், பரிமாறுகிறவர்கள் உடனே அந்த வீட்டை விட்டு வெளியேறிவிட வேண்டும் என்றும் அதில் ஒரு விதி இருந்தது. இப்படியெல்லாம் எழுத வேண்டி வந்ததென்றால், அதற்கு முன் எத்தனை ஆரஞ்சுகள் பறந்திருக்கும்!

இதில் அரசாங்கத்தின் கவலை உடம்பைப் பற்றியது அல்ல, பணத்தைப் பற்றியது. ஆனால் அந்தச் சட்டம் வருவதற்கு நான்கு வருடங்கள் முன்னால், அதே வெனிஸ் ஆட்சியின் கீழ் இருந்த பாதுவா நகரில், ஒரு கிழவர் உடம்பைப் பற்றியே ஒரு சின்னப் புத்தகம் எழுதியிருந்தார். 1558ல் வெளிவந்த அந்தப் புத்தகம் அளவான வாழ்க்கையைப் பற்றியது. எழுதியவர் பெயர் அல்வீசே கொர்னாரோ. லூயிஜி கொர்னாரோ என்றும் சொல்வார்கள்.

யார் இந்த கொர்னாரோ? சதுப்பு நிலங்களை வடிகட்டி விளைநிலமாக்கிப் பணம் சேர்த்த நிலக்கிழார். கட்டிடக் கலையிலும் நாடகத்திலும் பெரிய ஆர்வம். ஃபால்கொனெட்டோ என்ற கட்டிடக் கலைஞரைக் கொண்டு 1524ல் தன் வீட்டு முற்றத்திலேயே நாடகத்துக்கு ஒரு மண்டபம் கட்டினார். அது இன்றும் பாதுவாவில் நிற்கிறது. ருத்ஸான்தே என்ற பெயரில் புகழ்பெற்ற நாடகக்காரரையும் ஆதரித்தார். ஆக, மனிதர் ஊரை விட்டு ஒதுங்கி வாழ்ந்த சாமியார் இல்லை. வீடு நிறைய ஆட்கள், கலை, பேச்சு என்று வாழ்ந்தவர்.

இளமையில் அவருக்கும் எல்லோரையும் போல அளவு கிடையாது. 35 வயதுக்கும் 40க்கும் நடுவில் உடம்பு திருப்பிக் கேட்டது. வயிற்று வலி, மூட்டு வாதம், ஏறக்குறைய விடாமல் இருந்த லேசான காய்ச்சல், தீராத தாகம். நோயாளிக்குரிய உணவைக் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அவரோ பிடித்ததைச் சாப்பிட்டுவிட்டு, அதை மருத்துவர்களிடம் மறைத்தார். எல்லா நோயாளிகளும் இதைத்தான் செய்கிறார்கள் என்று அவரே எழுதுகிறார். 450 வருடத்துக்கு மேல் ஆகியும் அது மாறவில்லை!

கடைசியில் சாவு பயம் வந்தபோதுதான் கட்டுப்பாட்டுக்கு வந்தார். ஒரு வருடத்துக்குள் நோய்கள் போய்விட்டன என்கிறார். அவர் வைத்துக்கொண்ட விதிகள் எளிமையானவை. நாக்குக்குப் பிடித்ததெல்லாம் உடம்புக்குப் பிடிக்காது, எனவே ஒவ்வொன்றையும் சோதித்துப் பார்த்து ஒத்துக்கொள்ளாததை விடு. இன்னும் சாப்பிட முடியும் என்ற நிலையிலேயே எழுந்துவிடு. பிற்காலத்தில் அளவையும் நிர்ணயித்துக்கொண்டார். ஒரு நாளைக்கு ரொட்டி, முட்டையின் மஞ்சள் கரு, இறைச்சி, சூப் எல்லாம் சேர்த்து 12 அவுன்ஸ், அதாவது சுமார் 300 முதல் 350 கிராம். திராட்சை மது 14 அவுன்ஸ். (மதுவுக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023ல் சொல்லிவிட்டது. அந்தக் காலத்தில் அதை உணவாகவே நினைத்தார்கள்.)

பட்டியல் போடுவது சுலபம். அதைப் பத்துப் பேர் நடுவில் காப்பாற்றுவதுதான் கஷ்டம். இது கொர்னாரோவுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. தன் காலத்து இத்தாலியில் அளவுக்கு மீறித் தின்பதைப் பெருமை என்றும், அளவாகச் சாப்பிடுவதைக் கஞ்சத்தனம் என்றும் பேசுகிறார்கள் என்று அவர் வருத்தப்படுகிறார். ஒருவர் தட்டில் குறைவாக இருந்தால் அது அவர் உடம்புக்கான கணக்காகத் தெரிவதில்லை. கௌரவக் குறைச்சலாகத் தெரிகிறது.

கதையின் முக்கியமான கட்டம் இனிமேல்தான். அவர் கணக்குப்படி அப்போது வயது 78. உறவினர்கள், நண்பர்கள், மருத்துவர்கள் எல்லோரும் சேர்ந்து அன்பாக ஆரம்பித்தார்கள். "வயசான உடம்புக்கு இது போதாது, கொஞ்சம் கூட்டுங்கள்" என்பதுதான் அவர்கள் சொன்னதன் சாரம். கொர்னாரோ வாதாடிப் பார்த்தார். வயதாக ஆக வயிற்றின் சக்தி குறைகிறது, அதனால் உணவும் குறையத்தானே வேண்டும் என்றார். அவர்கள் விடவில்லை. பிடிவாதக்காரன் என்று பெயர் வாங்கக் கூடாது, வேண்டியவர்கள் மனம் நோகக் கூடாது என்று ஒப்புக்கொண்டார். உணவு 12லிருந்து 14 அவுன்ஸ், மது 14லிருந்து 16. இரண்டிலும் ரெண்டே அவுன்ஸ்தான்!

எட்டு நாளில் கலகலப்பான மனிதர் சிடுசிடுப்பானார். பன்னிரண்டாம் நாள் விலாவில் கடும் வலி, 22 மணி நேரம். அதைத் தொடர்ந்து 35 நாள் காய்ச்சல். பிழைக்க மாட்டார் என்று எல்லோரும் நினைத்தார்கள். பழைய அளவுக்குத் திரும்பித்தான் பிழைத்தேன் என்று எழுதுகிறார்.

இதை அப்படியே நம்ப வேண்டுமா? தேவையில்லை. அந்தக் காய்ச்சலுக்குக் காரணம் ரெண்டு அவுன்ஸ்தான் என்பதற்கு அவர் வார்த்தையைத் தவிர ஆதாரம் இல்லை. வயதானவர்கள் குறைவாகச் சாப்பிட்டுச் சத்துக் குறைந்து போகக் கூடாது என்று கவலைப்படும் இன்றைய மருத்துவம், உறவினர்கள் பக்கமே கொஞ்சம் சாயும். அவர் தன் வயதைக் கூட்டிச் சொன்னார் என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு. இறந்தது 1566ல். ஜெர்மானியத் தத்துவ அறிஞர் நீட்சே 1888ல் எழுதும்போது, கொர்னாரோ காரணத்தையும் விளைவையும் மாற்றிப் போட்டுவிட்டார் என்றார். குறைவாகச் சாப்பிட்டதால் அவர் நீண்ட நாள் வாழவில்லை, அவர் உடம்பின் இயக்கமே மெதுவானது, அதனால்தான் குறைந்த உணவு போதுமானதாக இருந்தது என்பது நீட்சேயின் வாதம். எனவே 12 அவுன்ஸை யாரும் காப்பியடிக்க வேண்டாம்.

அப்படியானால் கொர்னாரோவிடம் மிஞ்சுவது என்ன? ஆங்கிலக் கவிஞர் ஜார்ஜ் ஹெர்பர்ட் மொழிபெயர்க்கும் அளவுக்கு அந்தப் புத்தகத்தில் என்ன இருந்தது?

ஒரு நேர்மையான கணக்கு இருந்தது. பசித்ததால் அளவைக் கூட்டினேன் என்று அவர் எழுதவில்லை. ஆசைப்பட்டுக் கூட்டினேன் என்றும் எழுதவில்லை. மற்றவர்கள் மனம் நோகக் கூடாது என்று கூட்டினேன் என்றுதான் எழுதினார். விருந்துகளில் உணவுக் கட்டுப்பாடு உடைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். வெனிஸ் சட்டம் பரிமாறும் உணவை எண்ணியது. பக்கத்தில் நின்று "இன்னும் கொஞ்சம்" என்று சொல்லும் பாசத்தை எண்ண அதனால் முடியவில்லை.

அந்தப் பாசத்தைக் கொர்னாரோ தப்பு சொல்லவில்லை. உறவுகளை விட்டு விலகவும் இல்லை. தன் பதினொரு பேரப்பிள்ளைகளைப் பற்றி அதே புத்தகத்தில் எவ்வளவு சந்தோஷமாக எழுதுகிறார்! அவர்களோடு ஒரே மேஜையில் உட்கார்ந்தார். அளவை மட்டும் தானே முடிவு செய்தார், அதுவும் உட்காருவதற்கு முன்பே.