சுவரில் அமர்ந்த அண்டங்காக்கை

இங்கிலாந்தின் ஹியர்ஃபோர்ட்ஷயரில், வேல்ஸ் எல்லையோரம், கில்பெக் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள புனித மரியாள், புனித டேவிட் ஆலயம் 1140 வாக்கில் எழுந்தது. நீண்ட மக்கள் கூடம், அதன் கிழக்கே பீடப் பகுதி, முடிவில் அரைவட்டமாக வளைந்த சுவர் என மூன்றே அங்கங்கள். கனத்த சுவரும் சிறு சன்னலும் அரைவட்ட வளைவும் கொண்ட இந்தக் கட்டுமுறைக்கு ‘ரோமனெஸ்க்’ என்று பெயர்.

கூரை விளிம்புக்குக் கீழே, சுவரைச் சுற்றிலும் சிறு கற்கள் வரிசையாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஆங்கிலத்தில் அவை ‘கார்பெல்’. இன்று 85 எஞ்சியுள்ளன. கல்லின் வால்பகுதி சுவருக்குள் ஆழப் புதைந்திருக்கும். மேலே ஏறும் சுவரின் பாரம் அதை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். நீட்டிய தலைமேல் விளிம்புக்கல் அமரும். மழைநீர் சுவரில் வழியாமல் தள்ளி விழும். நீரை வாய்வழியே துப்பும் கல்முகங்கள் வேறு. இவற்றின் வேலை தாங்குவது மட்டுமே.

‘கார்பெல்’ பழைய பிரெஞ்சுச் சொல். லத்தீன் ‘கோர்வுஸ்’ என்றால் அண்டங்காக்கை. அதிலிருந்து பிறந்த ‘கோர்ப்’ என்பதன் சிறுமை வடிவமே இது. சொல்லிறுதி ‘எல்’ காலப்போக்கில் ‘ஓ’ என்று திரிய, இன்றைய பிரெஞ்சில் அது ‘கோர்போ’ ஆயிற்று. பறவைக்கும் சுவர்க்கல்லுக்கும் அங்கே இன்றும் அதே பெயர்தான். ஆங்கிலமோ கல்லை மட்டும் வைத்துக்கொண்டு பறவையை மறந்துவிட்டது. அதே லத்தீன் வேர் ஆங்கிலத்தின் ‘கார்மரன்ட்’ என்ற பறவைப் பெயரிலும் ஒளிந்திருக்கிறது, பொருள் கடற்காக்கை. நாம் அப்பறவையை நீர்க்காகம் என்கிறோம்.

சுவர்க்கல்லுக்கு ஏன் காக்கையின் பெயர்? கற்களில் காக்கைத் தலை செதுக்கியதால் என்று சொல்லத் தோன்றும். எனக்கு அது ஒப்பவில்லை. சிற்பமே இல்லாமல், அடிப்பக்கம் சாய்வாகச் சீவப்பட்ட வெறுங்கல்லுக்கும் இதே பெயர்தான். அதைப் பக்கவாட்டில் பார்த்தால் தடித்த அலகு தெரியும். பெயரைத் தந்தது அந்த அலகுதான், சிற்பம் அல்ல.

ஸ்பானியர் கண்ணுக்கு வேறொன்று பட்டிருக்கிறது. அவர்கள் இக்கல்லைக் ‘கனெசியோ’ என்கிறார்கள். ‘கன்’ என்றால் நாய், ஆக இது நாய்க்குட்டி. காஸ்டீலில் ஃப்ரோமிஸ்தா ஊரின் சான் மார்ட்டின் ஆலயத்தில் முந்நூறுக்கு மேற்பட்ட ‘நாய்க்குட்டிகள்’ உண்டு. பிரான்ஸையும் ஸ்பெயினையும் பிரிக்கும் மலைக்கு இந்தப் பக்கம் காக்கை, அந்தப் பக்கம் நாய்!

கில்பெக்கில் நிஜமாகவே ஒரு நாய் உண்டு. மடிந்து தொங்கும் காதும் உருண்டைக் கண்ணுமாக அது முயலோடு ஒரே கல்லில் ஒட்டி அமர்ந்திருக்கிறது. துரத்துவதும் ஓடுவதும் அந்தக் கல்லில் இல்லை. இரண்டும் கூட்டாளிகள் போல நம்மைப் பார்க்கின்றன. இன்னொரு கல்லில் ஒருவன் நரம்புக்கருவி வாசிக்கிறான். வேறொன்றில் ஒரு பெண் தன் பெண்குறியை இரு கைகளாலும் விரித்துக் காட்டுகிறாள். ‘ஷீலா நா கிக்’ எனப்படும் அவ்வகை உருவங்களில் மிகப் புகழ்பெற்றது இதுதான். காமத்துக்கு எச்சரிக்கை என்பார் ஒரு சாரார், தீமையை விரட்டும் காவல் உரு என்பார் இன்னொரு சாரார். அரைவட்டச் சுவர்ப்பக்கம் சிலுவை ஏந்திய ஆட்டுக்குட்டி, அது கிறிஸ்து. புனிதமும் விலங்கும் வேடிக்கையும் ஒரே வரிசையில், ஒரே அளவுக் கல்லில், ஒரே சிவப்பு மணற்கல்லில் இடம்பெற்றிருக்கின்றன. உயர்வு தாழ்வு பார்க்காத இந்த மனம்தான் என்னை மிகவும் கவர்கிறது.

இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? போதிகை என்று எழுதலாம். ஆனால் போதிகை தூணின் தலையில் அமர்ந்து உத்தரத்தைத் தாங்குவது. கார்பெல் சுவரிலிருந்தே முளைப்பது. வேலை ஒன்று, இடம் வேறு. எனவே போதிகையைத் தூணுக்கே விட்டுவிட்டு, சுவரில் நீட்டும் இந்தக் கல்லைத் ‘தாங்குகல்’ என்று அழைப்போம்.