காலனி: ஒரு சொல்லும் நாலு முகவரியும்

"எறங்குறது ஊர்லயா, காலனியிலயா?" பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்த நாளில் பஸ் கண்டக்டர் இப்படித்தான் கேட்பார். ஊருக்கும் காலனிக்கும் நடுவில் இருந்தது ஒரு வாய்க்கால்தான். அவர் கேட்டது நிறுத்தத்தை அல்ல, சாதியை. காலனி என்றதும் டிக்கெட்டைக் கையில் கொடுக்காமல் சீட்டுமேல் வைத்துவிட்டுப் போவார்.

இந்த இங்கிலீஷ் சொல்லின் பூர்வீகம் ரோமாபுரி. லத்தீனில் 'கொலோனஸ்' என்றால் உழவன். பிடித்த நாட்டில் உள்ளூர்க்காரனிடம் பிடுங்கிய நிலத்தை, ஓய்வுபெற்ற படைவீரனுக்குப் பிரித்துக் கொடுத்துக் குடியேற்றிய இடம் 'கொலோனியா'. ஜெர்மனியின் கொலோன் நகரம் இன்றைக்கும் அந்தப் பேரைத்தான் சுமக்கிறது. ஆக, அங்கே காலனிக்காரன் நிலம் கிடைத்தவன்.

ஐரோப்பியன் கடல் கடந்ததும் அர்த்தம் மாறியது. அவன் ஆளுகிற அயல்நாடெல்லாம் காலனி. இலங்கை 1802இல் பிரிட்டிஷ் முடியின் காலனியானது. நட்டால் காலனிக்கு 1860இல் முதல் கூலிக் கப்பல் சென்னையிலிருந்துதான் போனது. அந்தக் காலனிகளில் கரும்புக்கும் காப்பிக்கும் தேயிலைக்கும் முதுகொடிந்தவர்களில் நம்ம சனங்கள் ஏராளம்.

நம் நகரங்களில் 'பேங்க் காலனி', 'டீச்சர்ஸ் காலனி' என்றால் கௌரவமான முகவரி. முன்னால் எதுவும் ஒட்டாமல் வெறும் காலனி என்றால் சேரி. 'அரிஜன காலனி' என்று அரசாங்கமே பலகை வைத்தது. 1974இல் தாட்கோ வந்தது. 1978இல் அரிஜன நலத்திட்டங்களுக்காக நிலம் எடுக்கும் சட்டம் வந்தது. மனை கிடைத்தது, தொகுப்பு வீடு கிடைத்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எங்கே கிடைத்தது? ஊருக்கு வெளியேதான். ஓலை போய் காங்கிரீட் வந்தது. தூரம் மட்டும் குறையவில்லை.

பேரில் என்ன இருக்கிறது என்பவர்களுக்குச் சொல்கிறேன். 2012 நவம்பர் 7இல் தருமபுரி மாவட்டத்தில் தேடிப்போய்க் கொளுத்தியது நத்தம் காலனியை. 2019 டிசம்பர் 2இல் மேட்டுப்பாளையம் நடூரில் பக்கத்து வீட்டுச் சுற்றுச்சுவர் இடிந்து 17 பேர் செத்தது ஏ.டி. காலனியில்.

2025 ஏப்ரல் 29 அன்று, அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்க வேண்டியதுதான். அந்தப் பேரால் கூனிக் குறுகியவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். செய்தியை அம்மாவிடம் சொன்னேன். "பலகைய மாத்துறாங்க, சரி. பொணம் தூக்கிட்டுப் போற பாதைய எப்ப விடுவாங்களாம்?" என்றாள்.

எனக்கும் ஒரு கேள்வி உண்டு. கொலோனஸ் என்றால் உழவன். எங்கள் காலனியில் உழாத கை எது? உழுத நிலத்தின் பட்டா யார் பேரில் இருக்கிறது? சொல்லை எடுக்கிறவர்கள் அந்தக் கணக்கையும் எடுக்கட்டும்.