வளர்ப்புப் பிராணி: உடைமையா, உறவா?

உமறுப் புலவரின் சீறாப்புராணத்தை ஓதக் கேட்டவர்கள் 'மானுக்குப் பிணை நின்ற படல'த்தை மறந்திருக்க மாட்டார்கள். வேடன் கட்டி வைத்த பெண்மான், பசித்திருக்கும் தன் கன்றுக்குப் பாலூட்டித் திரும்பிவர அனுமதி வேண்டுகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதற்குப் பிணையாக நிற்கிறார்கள். மானும் சொன்னபடி திரும்பி வருகிறது. இந்நிகழ்ச்சியின் அரபு மூலங்களில் அறிவிப்பாளர் தொடர் வலுவற்றது என ஹதீஸ் கலை அறிஞர்கள் பலர் கருதியுள்ளனர். ஆகவே இதனை மார்க்கச் சட்டத்துக்குச் சான்றாக நான் இங்கே முன்வைக்கவில்லை. எனினும் காப்பியக் காட்சியின் அமைப்பு கவனத்துக்குரியது. வேடனின் உரிமை அங்கே மறுக்கப்படவில்லை. மறுக்கப்பட்டிருந்தால் பிணைக்கே இடமில்லை. மான் ஒரு தாய் என்பதும் மறக்கப்படவில்லை. உடைமை என்ற கணக்கும் உறவு என்ற கணக்கும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டு நிற்கின்றன.

இந்த இரண்டு கணக்குகளுக்குமிடையே எதைத் தேர்வது என்று மேலை நாட்டுச் சட்டங்கள் அண்மைக் காலமாகத் தடுமாறி வருகின்றன. விலங்குகள் பொருள்கள் அல்ல என்று ஜெர்மானியக் குடிமைச் சட்டத்தில் 1990இல் ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. ஆனால் வேறு விதி இல்லாதவிடத்துப் பொருள்களுக்குரிய விதிகளே பொருந்தும் என்றும் அதே பிரிவு சொல்லிவிடுகிறது! ஸ்பெயினில் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, கணவனும் மனைவியும் பிரியும்போது வீட்டு நாய் யாரிடம் இருக்க வேண்டும் என்பதை நீதிபதி முடிவு செய்யலாம். அப்போது பிராணியின் நலனையும் அவர் கருத வேண்டும். நம் மத்ரஸாக்களின் பாட நூல்களை அறிந்தவர்களுக்கு இவ்விவாதத்தில் ஒரு குறை தென்படும். பிராணி 'என்ன' என்பதை முதலில் தீர்த்துவிட்டு, அதன்பின் அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள். ஃபுகஹாக்கள் இவ்வரிசையில் செல்லவில்லை.

இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜுத் தாலிபீன்' ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் நம் கடற்கரை ஊர்களின் ஆலிம்களுக்கு நெடுங்காலம் பழகிய நூல். அதில் 'நஃபகாத்' எனும் ஜீவனாம்ச இயலைப் புரட்டிப் பாருங்கள். முதலில் மனைவி, பின்னர் பெற்றோரும் மக்களும், குழந்தையை வளர்க்கும் உரிமை, அதன்பின் அடிமைகள், இறுதியில் கால்நடைகள். விற்பனை இயலிலும் வாடகை இயலிலும் பண்டமாக வரும் அதே மாடும் ஒட்டகமும், இங்கே வீட்டாரின் வரிசைக் கடைசியில் வந்து நிற்கின்றன. இவர்கள் அனைவரும் சமம் என்பதன்று இதன் பொருள். ஒருவரின் உணவுக்கு மற்றொருவர் பொறுப்பாகும் இடங்கள் எவை என்று எண்ணிச் சென்ற சட்ட அறிஞர், பிராணியையும் அங்கே கண்டிருக்கிறார்.

அப்பகுதியின் விதிகள் சுருக்கமானவை. உரிமையாளர் தீவனமும் தண்ணீரும் தர வேண்டும். மறுத்தால், உண்ணத்தகும் பிராணியாயின் விற்கவோ தீவனமிடவோ அறுக்கவோ அவர் கட்டாயப்படுத்தப்படுவார். உண்ணத்தகாததாயின் விற்கவோ தீவனமிடவோ வேண்டும். கன்றுக்குக் கேடு தரும் அளவுக்குப் பால் கறத்தல் ஆகாது. இதனைத் தொடர்ந்து, கால்வாய், வீடு போன்ற உயிரற்ற உடைமைகளைப் பழுதுபார்ப்பது கடமையன்று என்றொரு குறிப்பு வருகிறது. மேலோட்டமாகப் படிப்பவர்கள் கடந்துவிடக்கூடிய குறிப்பு இது. உன் வீடு இடிந்து விழுந்தால் அது உன் நட்டம். காழி தலையிட மாட்டார். உன் கழுதை பட்டினி கிடந்தால் அவர் தலையிடுவார். இரண்டும் உன் உடைமைகளே.

ஹனஃபீ அறிஞர்கள் இவ்விடத்தில் வேறு வழி சென்றனர். மர்கீனானீ (மறைவு 1197) அவர்களின் 'ஹிதாயா' தரும் விளக்கப்படி, பிராணிக்குத் தீவனமிடுவது இறைவனுக்கும் அடியானுக்குமிடையிலான கடமை. நீதிமன்றம் அதை வற்புறுத்தாது. வழக்காடும் தகுதி பிராணிக்கு இல்லை. வாதி இல்லாத இடத்தில் தீர்ப்பு எப்படி எழும்? ஆனால் இமாம் அபூ யூசுஃப் (ரஹ்) அவர்கள் உரிமையாளர் கட்டாயப்படுத்தப்பட வேண்டும் என்றே கருதினார்கள். ஹாரூன் ரஷீதின் ஆட்சியில் தலைமைக் காழியாக இருந்தவர் அவர் என்பதை நினைத்துப் பார்க்கத் தோன்றுகிறது.

நாயின் நிலை இன்னும் நுட்பமானது. ஷாஃபிஈ மத்ஹபில் நாய் அசுத்தமானது; அதை விற்பது செல்லாது; கொன்றவர் ஈடு தர வேண்டியதில்லை. சட்டத்தின் பார்வையில் அது 'மால்' எனும் செல்வமே ஆகாது. வேட்டைக்கும் மந்தைக்கும் காவலுக்கும் வைத்திருப்பவருக்கு 'இக்திஸாஸ்' எனும் தனியுரிமை மட்டும் உண்டு. அபகரித்தவர் திருப்பித் தர வேண்டும். இப்படி உடைமையாகவும் தேறாத, உறவாகவும் ஆகாத வேட்டை நாய் பாலைவழியில் தாகத்தால் தவிக்கிறது. உளூச் செய்யப் போதுமான தண்ணீர் மட்டுமே கையில் இருக்கிறது. தண்ணீரை நாய்க்குக் கொடுத்துவிட்டுத் தயம்மும் செய்துகொள்ள வேண்டும் என்பதே ஃபிக்ஹின் விடை. கண்ணியத்துக்குரிய உயிரின் தாகம் தயம்முமுக்கான காரணங்களுள் ஒன்றாகவே எண்ணப்பட்டுள்ளது. நாயை வெறுப்பதே மார்க்கப் பற்று என்று எண்ணிக் கல்லெறியும் நம் சிறுவர்களுக்கு இப்பாடத்தை யாரும் சொல்லித் தருவதில்லை.

பூனையின் நிலை இதனினும் நெருக்கமானது. அபூ கதாதா (ரலி) அவர்கள் உளூச் செய்ய வைத்த தண்ணீரைப் பூனை குடிக்க வந்தபோது பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். அதை வியப்புடன் பார்த்த மருமகள் கப்ஷாவிடம், பூனை அசுத்தமன்று, அது உங்களைச் சுற்றி வருபவற்றுள் ஒன்று என்ற நபிமொழியை எடுத்துரைத்தார்கள். இங்கே ஆளப்பட்ட 'தவ்வாஃபீன்' என்ற சொல்லின் வேரே திருக்குர்ஆனின் 24:58ஆம் வசனத்திலும் வருகிறது. மூன்று வேளைகளில் மட்டும் அனுமதி கேட்டு, மற்ற நேரங்களில் வீட்டினுள் தடையின்றி நடமாடும் பணியாளர்களையும் சிறுவர்களையும் குறித்த வசனம் அது. வீட்டுப் பணியாளரோடு பூனை ஒப்பிடப்பட்டுள்ளது என உரையாசிரியர்கள் விளக்குவர். வீட்டாருள் ஒன்றாக எண்ணப்படுவதற்கு இதனினும் அருகில் ஒரு பிராணி வந்ததாகத் தெரியவில்லை.

ஆனால் அதற்கு மேல் ஃபிக்ஹு ஓரடியும் எடுத்து வைக்கவில்லை. பிராணி வாரிசாகாது. பிராணியே சொந்தக்காரராக வேண்டும் என எண்ணி அதன் பேரில் வஸிய்யத் செய்தால் அது செல்லாது; அதன் தீவனத்துக்குச் செலவிடுக என்று கூறினால் செல்லும். 'என் பிள்ளை மாதிரி' என்று கொஞ்சுவதை யாரும் தடுக்கவில்லை. சின்னஞ்சிறு பறவையை இழந்து வாடிய அபூ உமைர் எனும் சிறுவரிடம் அதைப் பற்றியே பரிவுடன் விசாரித்தவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். ஆயினும் சட்டம் கொஞ்சலை நம்பி நிற்கவில்லை. அன்பு குறைந்த நாளில் தீவனத் தட்டின் கதி என்ன என்பதே அதன் கவலை.

அந்த நாளை மனத்தில் வைத்து எழுதியவர் 'சுல்தானுல் உலமா' எனப் புகழ்பெற்ற இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ் ஸலாம் (மறைவு 1262). மம்லூக் அமீர்கள் சட்டப்படி அடிமைகளே, விற்று விடுவிக்கப்பட வேண்டும் என்று கெய்ரோவில் துணிந்து தீர்ப்பளித்தவர் அவர். தம் 'கவாயிதுல் அஹ்காம்' நூலில் மனிதர் மீது பிராணிகளுக்குள்ள உரிமைகளை அடுக்குகிறார். சக்திக்கு மீறிச் சுமையேற்றக் கூடாது. தீங்கு செய்யும் பிராணியோடு சேர்த்துக் கட்டக் கூடாது. குட்டியைத் தாயின் கண்முன் அறுக்கக் கூடாது. தங்குமிடத்தையும் நீர் அருந்துமிடத்தையும் சீராக வைக்க வேண்டும். பட்டியலின் தலையில் நிற்பது தீவனம். முதுமையாலோ நோயாலோ இனிப் பயனே தராது என்ற நிலைக்குப் பிராணி வந்துவிட்டாலும் தீவனம் தர வேண்டும் என்கிறார். உடைமையின் பொருளாதாரப்படி பயனற்ற பொருளைத் தூக்கி எறியலாம். ஆனால் இங்கே பயன் தீர்ந்த பின்னும் கடமை தீரவில்லை. இந்தியாவின் 1960ஆம் ஆண்டுப் பிராணிவதைத் தடைச் சட்டமும், தக்க காரணமின்றிப் பிராணியைப் பட்டினியில் தவிக்கும் நிலையில் கைவிடுவதைக் குற்றம் என்கிறது. முதல் குற்றத்துக்கு அது விதித்த தண்டம் 10 முதல் 50 ரூபாய்!

மாலிகீ நூல்களில் கலீலின் 'முக்தஸரு'க்கு எழுந்த உரைகளில் ஒரு குருட்டுப் பூனை வருகிறது. கண்ணிழந்த அப்பூனை ஒருவர் வீட்டில் வந்து தங்கிவிட்டது. வேறிடம் செல்ல அதனால் இயலாது. எனில் அதன் உணவு அவ்வீட்டுக்காரர் மீது கடமையாகிவிடும். போக முடிந்தால் கடமையில்லை. அவர் அதை விலைக்கு வாங்கவில்லை, வளர்க்கவும் இல்லை. உரிமைப் பத்திரமும் இல்லை, உறவும் இல்லை. பூனையைக் கட்டிவைத்து, உணவும் தராமல், தானே இரை தேடவும் விடாமல் கொன்ற பெண் நரகம் புகுந்தாள் என்ற பிரபல நபிமொழியை இதனுடன் சேர்த்துப் படித்தால், அறிஞர்கள் எந்த நூலைப் பிடித்துச் சென்றார்கள் என்பது விளங்கும். அவ்வுயிருக்கு வேறு வழி அடைபட்டுவிட்டதா என்பதே அவர்கள் கேட்ட கேள்வி. கூண்டுக் கிளிக்கும், அடுக்குமாடியின் நான்காம் தளத்தில் கதவுக்குப் பின்னால் வாழும் பூனைக்கும் விடை ஒன்றே.

வீடில்லாத பூனைகளுக்கு யார் பொறுப்பு? இஸ்ஸுத்தீன் மறைந்த காலத்தில் எகிப்தை ஆண்டவர் சுல்தான் பைபர்ஸ் (ஆட்சி 1260-1277). கெய்ரோவின் வடக்கே தம் பள்ளிவாசலுக்கு அருகிலிருந்த ஒரு தோட்டத்தைப் பூனைகளின் பராமரிப்புக்காக அவர் வக்ஃப் செய்தார் என்பது அந்நகரத்தாரின் மரபு. எகிப்தியரின் வாழ்வைப் பற்றி 1836இல் நூல் வெளியிட்ட ஆங்கிலேயர் எட்வர்ட் லேன், அதன் பிற்காலக் கதையைப் பதிவு செய்துள்ளார். தோட்டம் பலமுறை கைமாறிப் போனது. எஞ்சியது சொற்பக் குத்தகைப் பணம். வக்ஃபுகளின் காவலர் என்ற முறையில் செலவு ஏறக்குறைய முழுவதும் காழியின் தலையில் விழுந்தது. லேன் கெய்ரோவில் இருந்த நாட்களில், அநேகமாக நாள்தோறும் அஸருக்கும் மஃக்ரிபுக்கும் இடைப்பட்ட வேளையில் நீதிமன்றத்தின் பெரிய முற்றத்துக்குக் குடல், ஈரல் துண்டங்கள் வந்து சேரும். வழக்காடும் தகுதி இல்லையென்று சட்டநூல்கள் சொன்ன அப்பூனைகள், அழைப்புக் குரல் கேட்டு அங்கே கூடும்.