கழுவிய மணலும் உயிர்மணலும்: கடல்நீர்த் தொட்டியின் அடித்தளம் குறித்து

தொல்காப்பியம் நெய்தல் நிலத்தைக் கடலைச் சுட்டி அறிமுகப்படுத்தவில்லை. மணல் பரந்த உலகமாகவே அறிமுகப்படுத்துகிறது. பள்ளியில் நாம் மனப்பாடம் செய்த ‘கடலும் கடல் சார்ந்த இடமும்’ என்னும் விளக்கம் பிற்காலத்தது. நுண்மணலுக்கு ‘அயிர்’ எனத் தனிச்சொல்லே வைத்திருந்த மொழி நம்முடையது. இருந்தும், கடல்நீர்க் காட்சித்தொட்டிகளைப் பற்றிப் பேசும்போது மீனையும் பவளத்தையும் பேசுகிறோம். மணலைத் தரை என்று கருதிக் கடந்துவிடுகிறோம். திருவனந்தபுரத்திலிருந்து விழிஞ்ஞம் சென்று, மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் ‘சாகரிகா’ காட்சியகத்தைப் பார்த்துவரும் மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள்: மீனின் பெயர் நினைவிருக்கும், மணலின் நிறம் நினைவிருக்காது. தொட்டி வைத்திருப்பவருக்கோ மணலே பெரிய கவலை. அதைக் கழுவ வேண்டுமா, மாற்ற வேண்டுமா, தொடாமல் விட வேண்டுமா? ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுகளாக இக்கேள்விக்கு விடை மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

1850இல் இராபர்ட் வாரிங்டன் என்னும் இலண்டன் வேதியியலாளர், மீன், நீர்த்தாவரம், நத்தை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கி வாழும் ‘சமநிலைத் தொட்டி’யை விளக்கினார். 1853இல் இலண்டன் விலங்குக்காட்சி சாலையில் மீனகம் திறக்கப்பட்டது; அடுத்த ஆண்டே பிலிப் ஹென்றி காஸின் ‘தி அக்வேரியம்’ நூல் வெளிவந்தது. இக்காலச் சிந்தனையில் நீரைத் தூய்மை செய்வது தாவரமே. மணல் வேர் பிடிப்பதற்கும் உயிரினம் புதைந்து கிடப்பதற்கும் உரிய இடம். அழுக்கானால் கழுவப்பட வேண்டிய பொருள்.

இக்கருத்தை உடைத்த சோதனை மீன்தொட்டியில் நிகழவில்லை, சாக்கடை நீரில் நிகழ்ந்தது. 1877இல் பிரான்சில் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்னும் இருவர், மணலும் சுண்ணாம்புக்கல் துகளும் நிரப்பிய நீண்ட குழாய் வழியே கழிவுநீரை மெல்லக் கசியவிட்டனர். ஏறத்தாழ இருபது நாள் அம்மோனியா அப்படியே வெளிவந்தது. பிறகு அது நைட்ரேட்டாக மாறி வரத் தொடங்கியது. குழாய்க்குள் குளோரோபார்ம் ஆவியைச் செலுத்தியதும் மாற்றம் நின்றது. வேதிவினை மட்டுமே என்றால் மயக்க மருந்துக்கு அது நிற்க வேண்டியதில்லை; ஆகவே மணலில் ஏதோ உயிர் குடியிருக்கிறது. 1890 அளவில் வினோகிராட்ஸ்கி அந்த நுண்ணுயிரிகளைப் பிரித்தெடுத்தார். புதுத் தொட்டியில் மீன் விடுமுன் சில வாரம் காத்திருக்கச் சொல்லும் இன்றைய அறிவுரையின் வேர், அந்த இருபது நாள் காத்திருப்பில் இருக்கிறது.

ஆனால் இந்த அறிவு தொட்டிகளை எளிதில் வந்தடையவில்லை. 1871இல் வில்லியம் ஆல்போர்டு லாயிட் அமைத்த கிரிஸ்டல் பேலஸ் காட்சியகத்தில், இருண்ட பெரிய நீர்த்தேக்கத்துக்கும் தொட்டிகளுக்கும் இடையே நீரைச் சுழற்றிக்கொண்டிருப்பதே முறை. பெருங்காட்சியகங்கள் அவ்வழியையே பின்பற்றின. நம் பக்கத்தில், சென்னை மெரினாவில் 1909இல் திறக்கப்பட்ட கடல்மீன் காட்சியகம் முதலில் அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்தது. 1919இல் மீன்துறைக்குச் சென்றது. 1942இல் போர் அச்சத்தால் மூடப்பட்டது. நிறுவனங்களின் வரலாற்றை நாம் இப்படித்தான் எழுதுகிறோம்: திறப்பு, கைமாற்றம், மூடல். இடைப்பட்ட முப்பத்து மூன்று ஆண்டுகளும் யாரோ நாள்தோறும் நீர் மாற்றித் தொட்டியைத் துடைத்ததால்தான் அது காட்சியகமாக இருந்தது. பராமரிப்பு என்பது வரலாற்றெழுத்தில் நிகழ்ச்சியாகவே எண்ணப்படுவதில்லை. என் துறையாகிய மொழியியலிலும் இதே நோய் உண்டு: அகராதி வெளியான ஆண்டைக் குறிப்போம், சொற்சீட்டுகளை அடுக்கிவைத்தவர்களைக் குறிக்கமாட்டோம்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் துளையிட்ட தட்டின்மீது பருமணலைப் பரப்பி, காற்றுக்குழாயால் நீரை அதனூடே இழுக்கும் அடிமணல் வடிகட்டி பரவியது. 1970இல் ஸ்டீபன் ஸ்பாட் எழுதிய நூல், அந்த மணல் அழுக்கைப் பிடிக்கும் சல்லடையாக மட்டுமின்றி நுண்ணுயிர் வாழும் வடிகட்டியாகவும் செயல்படுவதைத் தெளிவாக்கியது. ஆனால் அது அம்மோனியாவை நைட்ரேட்டாக்குவதோடு நின்றது. நைட்ரேட்டு தொட்டியில் சேர்ந்துகொண்டே போனது. 1980களில் நீஸ் பல்கலைக்கழகத்தின் ஜான் ஜோபேர், மணலுக்கு அடியில் அசையா நீர் தேங்கும் வெற்றிடம் விட்டு, ஆக்சிஜன் குறைந்த ஆழத்தில் நைட்ரேட்டு நைட்ரஜன் வளியாக மாறி வெளியேறும் முறையைக் கொண்டுவந்தார். 1990களின் இறுதியில் அமெரிக்காவின் ரான் ஷிமெக், வெற்றிடமே வேண்டாம். பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் நுண்மணலும் அதைக் குடைந்துகொண்டே இருக்கும் புழுக்களும் போதும் என்றார். எதிர்த்தவர்கள், அத்தகைய மணல் ஆண்டுகள் செல்லச்செல்லக் கழிவை அடக்கிவைக்கும் கிடங்காகிவிடும் என்றனர். இரு தரப்பிலும் உண்மை உண்டு என்பது என் கணிப்பு. மணலுக்குள் உயிர் குறைந்துபோன தொட்டிகளில்தான் எதிர்த்தரப்பின் அச்சம் பலிக்கிறது.

நடைமுறையில் இதன் பொருள் எளியது. இரண்டு மூன்று சென்டிமீட்டர் மணலாயின், நீர் மாற்றும்போதெல்லாம் ஒரு பகுதியைச் சைஃபன் குழாயால் உறிஞ்சித் தூய்மை செய்யலாம். ஆழ்ந்த படுகையாயின் மேற்பரப்போடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அடியைக் கிளறினால் கறுத்த திட்டுகளில் அடைந்திருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வெளிப்பட்டு மீன்கள் மடியக்கூடும். மணலைக் குழாய்நீரில் அலசுவது, வளர்த்த நுண்ணுயிரைக் கொல்வதாகும். தொட்டியிலிருந்து எடுத்த உப்புநீரிலேயே அலச வேண்டும். முழுவதும் மாற்ற நேர்ந்தால், வாரக்கணக்கில் இடைவெளிவிட்டுப் பகுதி பகுதியாக மாற்றி, பழைய மணலில் ஒரு பிடியைப் புதியதன்மேல் தூவ வேண்டும். நம் வீடுகளில் பாலுக்கு உறை ஊற்றும் வேலைதான் இது. சுண்ணாம்பு மணல் மெல்லக் கரைந்து நீருக்குக் கால்சியம் தருவதால், படுகையின் உயரமும் குறையும். அவ்வப்போது சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

எந்த மணலைச் சேர்ப்பது? இங்கே மேலைநாட்டுக் கையேடு உதவாது. திருவிதாங்கூர்க் கரை மணல் உலகப் புகழ் பெற்றது வேறொரு காரணத்துக்காக. சென்னைக் காட்சியகம் திறந்த அதே 1909இல், ஷோம்பர்க் என்னும் செருமானிய வேதியியலாளர், இங்கிருந்து சென்ற கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார். மணவாளக்குறிச்சியிலும் சவறையிலும் இன்றும் அகழப்படும் கருமணலில் இல்மனைட்டும், தோரியம் பொதிந்த மோனசைட்டும் உண்டு. கரையில் கிடக்கிறதே என்று அள்ளித் தொட்டியில் போடத்தக்கது அன்று அது. சுண்ணாம்பு நிறைந்த பவளமணல் மன்னார் வளைகுடாப் பக்கம் உண்டு. ஆனால் அங்குள்ள தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. பவளங்களும் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறின.

அதே ஆண்டு, அதே அட்டவணையில் ஏறிய இன்னொன்று கடல் அட்டை. கடலடி மணலை விழுங்கி, அதிலுள்ள கரிமப்பொருளைச் செரித்து, தூய மணலை வெளியேற்றும் உயிர் அது. மணற்படுகையைப் புதுப்பிக்கும் வேலையில் அதற்கு நிகர் அரிது. பாக் நீரிணையின் இக்கரையில் அதைப் பிடித்து விற்றுப் பிழைத்த குடும்பங்களுக்கு அத்தொழில் ஒரே அறிவிப்பில் குற்றமாயிற்று. அக்கரையில், இலங்கையின் வடபகுதியில், உரிமம் பெற்றுப் பிடிக்கலாம். பண்ணையிலும் வளர்க்கிறார்கள், அப்பண்ணைகளை எதிர்த்துச் சிறுமீனவர் போராடியும் இருக்கிறார்கள். இந்தியத் தொட்டிகளில் கடல் அட்டைக்கு இடமில்லை. மணலைக் கிளறும் சிறு நத்தைகளும், அதை வாயால் அள்ளிச் செவுள்வழி உமிழும் உளுவை இன மீன்களும் ஓரளவு ஈடு செய்கின்றன; எஞ்சியதைக் கையும் சைஃபன் குழாயும் செய்கின்றன.